நரம்பை வெட்டி எடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா? அப்பாவின் கால் மரமரப்பு

கேள்வி, பிப்ரவரி 3

அப்பாவுக்கு 61 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தவருக்கு இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடந்தால் விரல் நுனி தரையில் தட்டுகிறது. மூன்று வாரம் கழித்து வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. இரண்டு இடத்திலும் ராத்திரியானால் எரிச்சல். சாப்பாடு குறைந்து ஆள் இளைத்துவிட்டார். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை 90-ஐத் தாண்டிவிட்டது. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளப்பது) எடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர், கணுக்காலுக்கு மேலே நரம்பும் சதையும் எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். சர்க்கரையால் கால் மரத்துப்போவது ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அதற்கு எதற்கு நரம்பை வெட்ட வேண்டும்? சர்க்கரைக்காரர் காலில் கத்தி வைத்தால் ஆறாது, நரம்பை எடுத்தால் நடையே போய்விடும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். தேவையில்லாத வேலை என்றுதான் எனக்கும் படுகிறது.

பிப்ரவரி 3, இரவு

எனக்கு அப்படிப் படவில்லை தம்பி.

சர்க்கரையால் வரும் மரமரப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் சேர்ந்தே வரும். விரல் நுனியில் தொடங்கி, வருஷக் கணக்கில் மெதுவாக மேலே ஏறும். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள், செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி இல்லை. ஒரு ராத்திரியில் ஒரு பாதம் விழுந்திருக்கிறது, மூன்று வாரத்தில் எதிர்ப்பக்கக் கையில் வேறொரு நரம்பு போயிருக்கிறது. கூடவே வலி, எடை குறைவு, ஏறிய ஈ.எஸ்.ஆர். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களின் சுவரில் அழற்சி வந்து அவை அடைபட்டால் இப்படி நடக்கும். வாஸ்குலைட்டிஸ் என்பார்கள். உங்கள் டாக்டர் அதைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைக்கிறேன். கவனிக்காமல் விட்டால் அடுத்த நரம்புக்குப் போகும்.

நான் டாக்டர் இல்லை. திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தி பிடித்தவர்கள் அனுப்பியதை வாங்கி, சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தவள். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 4, காலை

மாமாவின் பயத்துக்கு வருகிறேன்.

பயாப்சிக்கு எடுப்பது காலை அசைக்கிற நரம்பை இல்லை. தோலில் உணர்ச்சியை மட்டும் சுமக்கும் நரம்பைத்தான் எடுப்பார்கள். வழக்கமாக எடுப்பது சூரல் நரம்பு. வெளிக்கணுக்கால் மொட்டுக்குப் பின்னால் ஓடுவது. உங்களுக்குச் சதையும் சேர்த்து என்று சொல்லியிருப்பதால், அநேகமாக முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் மேலோட்டமான பெரோனியல் நரம்பாக இருக்கும். அங்கே ஒரே கீறலில் பக்கத்துத் தசையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகு நடை போகாது. ஆனால் பாதத்தின் மேல்பக்கம் ஒரு திட்டு மரத்துப்போகும். சூரல் என்றால் வெளி ஓரம், சுண்டுவிரல் வரை. அந்தத் திட்டு மாதங்கள் போகப் போகச் சுருங்கும், முழுசாக மறையாமலும் இருக்கலாம். சிலருக்கு வெட்டிய இடத்தில் தொட்டால் சுரீரென்ற வலி நெடுநாள் நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், அல்லது ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால், புண் ஆற நாளாகும், சீழ் வைக்கலாம். மாமா சொன்னதில் அந்தப் பாதி சரி. அதற்காக அவரை ஒற்றைக் காலிலேயே நிற்க விட வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுக்க மாட்டார்கள், மரத்துப்போகும் ஊசிதான். நரம்பை அறுக்கும் அந்த நொடியில் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு வலி பாதம் வரை ஓடலாம். இதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஏதோ தப்பாகிவிட்டது என்று மேஜையிலேயே பதறிப்போவார்.

பிப்ரவரி 4, மதியம்

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா? டாக்டரிடம் சொன்னீர்களா?

பிப்ரவரி 4, இரவு

சரி, "ஏற்கெனவே கெட்ட காலையே ஏன் வெட்ட வேண்டும், நல்ல காலில் எடுக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நரம்பை எடுத்துப் பார்த்தால் நல்ல நரம்புதான் தெரியும். டெஸ்டில் அடிபட்டது என்று தெரிந்த நரம்பைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் முழுக்கச் செத்துப்போன நரம்பாக இருந்தால் பிரயோஜனம் கம்மி. இழைகள் எல்லாம் போய் வெறும் தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும், எதனால் போயின என்பதைச் சொல்ல அதில் எதுவும் இருக்காது. நோய் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும். டிசம்பரில் தொடங்கியது என்கிறீர்கள், இன்னும் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

பிப்ரவரி 6

நரம்பு பயாப்சி யாருக்குத் தேவையில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஏதோ கத்திக்கு ஆள் பிடிக்கிறேன் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார்.

கால் மரமரப்போடு வருகிற பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, குடி, காசநோய் மாத்திரை, கீமோதெரபி, எச்.ஐ.வி. இவற்றையெல்லாம் ரத்தப் பரிசோதனையிலும், ஆளிடம் நாலு கேள்வி கேட்டும் கண்டுபிடித்துவிடலாம். ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸ் ஒன்றும் பார்த்துவிடுவார்கள். கில்லன் பாரி மாதிரி சில நாட்களில் கால் கை இரண்டும் விழுகிற நோய்க்கு நரம்பை வெட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. நோயின் போக்கையும் நெர்வ் கண்டக்‌ஷனையும் முதுகுத் தண்டு நீரையும் பார்த்தே மருந்து தொடங்குவார்கள்.

பரம்பரை நரம்பு நோய்கள் வேறு ஒரு கூட்டம். சார்கோ மாரி டூத் என்று மூன்று பேர் பெயரில் ஒரு நோய், 1886-இல் எழுதி வைத்தது. மெலிந்த கெண்டைக்கால், வளைந்த பாதம், அப்பாவுக்கும் அத்தைக்கும் அதே கால். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். நரம்பு இழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை திரும்பத் திரும்பச் சிதைந்து திரும்பத் திரும்ப வளர்ந்ததால் இழையைச் சுற்றி அடுக்கடுக்காக வட்டங்கள் தெரியும், வெங்காய வட்டம் என்போம். பார்க்க அத்தனை அழகு, நோயாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அந்த நோயின் மிகப் பரவலான வகைக்குக் காரணமான பி.எம்.பி.22 ஜீன் இரட்டிப்பு தெரிந்தபிறகு, ஒரு குழாய் ரத்தம் போதும் என்றாகிவிட்டது. அந்த வட்டங்கள் எங்கள் மேஜைக்கு வருவது குறைந்துகொண்டே போனது. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: வாஸ்குலைட்டிஸ், தொழுநோய், அமிலாய்டு என்ற புரதம் நரம்பில் படிவது, சார்காய்டு என்ற அழற்சி நோய், நரம்புக்குள் புகுந்த லிம்போமா என்ற புற்றுநோய், அப்புறம் மருந்துக்கு அடங்காத சில சி.ஐ.டி.பி. நோய்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மயலினைத் தாக்கி நாள்பட நீடிப்பவை). எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பதில் கிடைத்தால் மருந்து மாறும். பதில் எதுவாக இருந்தாலும் அதே மாத்திரைதான் என்றால் காலைக் கிழிக்க வேண்டாம். "ரிப்போர்ட் வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் அப்பா விஷயத்தில் அந்தப் பதில் எனக்கே தெரியும். வாஸ்குலைட்டிஸ் என்று உறுதியானால் உயர் அளவு ஸ்டீராய்டு, பல சமயம் கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்ஸிமாப். இவற்றை, அதுவும் ஒரு சர்க்கரைக்காரருக்கு, வெறும் ஊகத்தில் மாதக் கணக்கில் கொடுக்க எந்த டாக்டருக்கும் கை வராது.

பிப்ரவரி 7

நேற்று எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று, எனக்கு நெருக்கமான பாதி.

வெட்டுவது அரை மணி நேர வேலை. அதைக் கெடுக்க அரை நிமிஷம் போதும். நரம்பு மற்ற சதை மாதிரி இல்லை. இடுக்கியால் நடுவில் பிடித்தால் நசுங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அழற்சி எது, இடுக்கித் தடம் எது என்று பிரிக்க முடியாது. இழுத்தால் மயலின் உதிரும். சலைன் தண்ணீரில் மிதக்க விட்டால் ஊதிப்போகும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, உடனே ஆய்வகத்துக்குக் கையோடு கொண்டுவர வேண்டும்.

எங்களுக்கு ஒருமுறை வேறொரு ஊர் மருத்துவமனையிலிருந்து சூரல் நரம்பு என்று எழுதி ஒரு டப்பா வந்தது. பேர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சீவிப் பார்த்தால் நட்டநடுவில் ஓட்டை, சுற்றிலும் தசைச் சுவர். அருமையான ரத்தநாளம்! சூரல் நரம்புக்கு ஒட்டியே ஒரு சிரை ஓடும். வெறும் கண்ணுக்கு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். நிதானமாகப் பார்த்தால் நரம்பின் மேல் குறுக்கே மெல்லிய மினுமினுப்பான வரிகள் ஓடுவது தெரியும், சிரையில் அது இருக்காது. அந்த நோயாளிக்கு இரண்டாவது தடவை கால் கிழிபட்டது.

நல்லபடியாக வந்து சேர்ந்தால் அதை மூன்று நான்காகப் பிரிப்போம். ஒரு துண்டு ஃபார்மலினில் போட்டு, மெழுகில் புதைத்து, 5 மைக்ரான் கனத்தில் சீவுவோம். வாஸ்குலைட்டிஸையும் தொழுநோயையும் அங்கேதான் தேடுவது. ஒரு துண்டை உறைய வைப்போம். இன்னொன்று திசுவைக் கெடாமல் இறுக்கும் குளுட்டரால்டிஹைடு கரைசலுக்குப் போகும், பிறகு ஆஸ்மியம் கரைசல். ஆஸ்மியத்தில் போட்டதும் வெள்ளை நரம்பு கன்னங்கரேலென்று ஆகிவிடும், மயலினில் உள்ள கொழுப்பு அதைப் பிடித்துக்கொள்வதால். பிறகு ரெசினில் இறுக வைத்து, 1 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். அதற்கு எஃகுக் கத்தி ஆகாது. தடித்த கண்ணாடிப் பட்டையைக் கோணம் பார்த்து உடைத்து, அந்த உடைந்த விளிம்பையே கத்தியாக வைப்போம். ஒரு விளிம்பு கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், அப்புறம் அடுத்தது. டொலுயிடின் நீலம் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொரு இழையும் ஒரு கரு நீல வளையம். எங்கே வளையம் குறைந்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்று எண்ணியே சொல்லலாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கே வெட்டுகிறார்கள் என்பதைவிட எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நரம்பைக் கையாளத் தெரிந்த ஆய்வகம் எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் வசதி இல்லாவிட்டால் வேலூர், பெங்களூரு மாதிரி ஊர்களில் இருக்கும் பெரிய நரம்பியல் மையங்களுக்கே போய் எடுத்துக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 9

தொழுநோயைப் பட்டியலில் ஏன் சேர்த்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் தோலில் தேமல் வருகிற நோய் அல்லவா?"

என் சித்தப்பா கதையைச் சொன்னால் போதும். விவசாயி. இடது கைச் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை குழி விழுந்தது. கழுத்து எலும்பு தேய்மானம் என்று எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., கழுத்துப் பட்டை. தேமல் ஒன்று கூட இல்லை. வெகு நாள் கழித்துத்தான் ஒரு டாக்டர் அவர் முழங்கை மூட்டுக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு சுண்டுவிரல் தடிமனுக்கு வீங்கிக் கிடந்தது. தோலில் எதுவும் காட்டாமல் நரம்பில் மட்டும் வரும் தொழுநோய் உண்டு. தோலில் திட்டு இல்லாததால் தோலைக் கீறி எடுக்கும் சோதனை அங்கே உதவாது. மணிக்கட்டுப் பக்கத்தில், கட்டைவிரல் ஓரமாக ஓடும் ரேடியல் நரம்பின் உணர்ச்சிக் கிளையில் ஒரு துண்டு எடுத்தார்கள். நரம்புக்குள் கிரானுலோமா, அதாவது அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு, இருந்தது, கிருமியும் இருந்தது.

அந்தக் கிருமியை ஹான்சன் 1873-இல் நார்வேயில் கண்டுபிடித்தார். இத்தனை வருஷம் ஆகியும் அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க யாராலும் முடியவில்லை. வளர்த்துப் பார்க்க முடியாததால் திசுவில்தான் தேட வேண்டும். சாதாரண காசநோய்ச் சாயம் அதில் சரியாக ஒட்டாது, கழுவும்போது போய்விடும். ஃபைட் என்ற முறையில், மெழுகை நீக்கும் கட்டத்தில் சைலீனோடு கடலை எண்ணெய் கலந்து கொடுப்போம், கிருமியின் கொழுப்புப் போர்வை கரைந்து போகாமல் காப்பாற்ற. ஆய்வக அலமாரியில் கடலை எண்ணெய் பாட்டிலைப் பார்த்துவிட்டு, மதியம் இங்கே யார் சமைக்கிறார்கள் என்று கேட்ட தணிக்கை அதிகாரி எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறார்.

சித்தப்பாவுக்குக் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது. அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் தொடங்கினால் தொற்றுகிற வாய்ப்பு சீக்கிரமே போய்விடும். வீட்டில் அவர் தட்டும் டம்ளரும் தனியாகப் போனதுதான் அதிக நாள் நீடித்தது. சித்தியிடம் நான் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது.

மேலைநாட்டுப் புத்தகங்களில் நரம்பு பயாப்சி வழக்கொழிந்து வருகிறது என்று படித்துவிட்டு ஒருவர் இங்கே ஒட்டியிருந்தார். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் ஒற்றை நரம்பு வீங்கி, காரணம் தெரியாமல் கிடந்தால், தொழுநோய் இல்லை என்று காட்டும்வரை அதை விடக் கூடாது.

பிப்ரவரி 9, பின்னால்

"2005-லேயே இந்தியாவில் ஒழித்துவிட்டார்களே" என்பவருக்கு: அந்த ஆண்டு எட்டியது பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நாடளாவிய கணக்கு. நோய் இல்லாமல் போகவில்லை. உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியாவில்தான்.

பிப்ரவரி 10

பேச்சு காரிகிரிப் பக்கம் போய்விட்டது, எனக்கும் பிடித்த இடம் என்பதால் ஒரு பாரா. காரிகிரி வேலூருக்குப் பக்கத்தில், அங்கே இருப்பது ஷெஃபலின் தொழுநோய் மையம், 1955-இல் தொடங்கியது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்து வழி காட்டியவர். விரல் உதிர்வது கிருமி தின்பதால் இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் போவதால் என்று அடித்துச் சொன்னவர். மரத்துப்போன பாதம் எந்த நோயால் மரத்திருந்தாலும் இதே பாடம்தான். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தொழுநோயாளிக்கு மட்டும் என்று வெட்கப்பட வேண்டாம், சர்க்கரைக்காரருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி 12

முதல் குறிப்புக்கு ஒரு விலக்கு. சர்க்கரை எப்போதும் சமமாகத்தான் வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவயதுக்கு மேல் சிலருக்கு ஒரு பக்கத் தொடையில் பயங்கர வலியோடு தொடங்கி, தொடைச் சதை வற்றி, எடையும் மளமளவென்று இறங்கும். அதுவும் சர்க்கரையோடு வருவதுதான். ஆனால் சர்க்கரைக்காரருக்கு வேறு நரம்பு நோய் வரக் கூடாது என்று சட்டம் இல்லை. எல்லாவற்றையும் சர்க்கரை தலையில் கட்டிவிடுவதால் தவறவிட்ட தொழுநோயையும் வாஸ்குலைட்டிஸையும் நான் ஸ்லைடில் பார்த்திருக்கிறேன், காலம் கடந்து.

தம்பி, நேற்று எடுத்துவிட்டார்களா? காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தையல் பிரிக்கும்வரை பைக் உதைக்க வேண்டாம்.

பிப்ரவரி 15

பாதம் எரிகிறது, நெர்வ் கண்டக்‌ஷன் நார்மல், டாக்டர் மனப்பிரமை என்கிறார் என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பிரமை இல்லை அம்மா. அந்த டெஸ்ட் பெரிய இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் தெரியவே தெரியாது. அதற்குக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே தோலில் 3 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைப் பஞ்ச் வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். பொதுவாகத் தையல் கூட வேண்டியதில்லை. பி.ஜி.பி. 9.5 என்ற சாயம் ஏற்றினால் மேல்தோலுக்குள் ஏறும் நரம்பு இழைகளை எண்ணலாம். எல்லா இடத்திலும் செய்வதில்லை, விசாரித்துப் போங்கள்.

பிப்ரவரி 24

ரிப்போர்ட்டைப் படித்தேன். "நரம்பில் இல்லை, சதையில்தான் இருக்கிறது, அப்படியென்றால் நரம்பை எடுத்தது வீண்தானே" என்று மாமா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. வாஸ்குலைட்டிஸ் குழாய் நெடுக ஒரே மாதிரி இருக்காது, அங்கங்கே இருக்கும். நாம் எடுத்த துண்டில் அகப்படாமல் ஒரு விரற்கடை தள்ளி இருக்கலாம். அதனால்தான் தசையையும் சேர்த்து எடுப்பது, அதனால்தான் ஒரே துண்டைப் பல மட்டங்களில் சீவிப் பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் தசையின் சின்னத் தமனி ஒன்றில் சுவர் சிதைந்திருப்பதாகவும் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதம் படிந்திருப்பதாகவும் இருக்கிறது. சுற்றி செல்கள் கூடியிருந்தால் மட்டும் "இருக்கலாம்" என்றுதான் எழுதுவார்கள், சுவர் சிதைந்திருந்தால்தான் "இருக்கிறது" என்று எழுதுவார்கள். நரம்பிலும் ஒரு கற்றையில் இழைகள் நிறையப் போயும் பக்கத்துக் கற்றையில் போகாமலும் இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். ரத்தம் அங்கங்கே தடைபட்டதற்கு அது நல்ல தடயம். அமிலாய்டுக்கான காங்கோ ரெட் நெகட்டிவ், ஃபைட் நெகட்டிவ். எல்லாமே பயன்பட்டிருக்கிறது.

ஹெபடைடிஸ் பி, சி, வாஸ்குலைட்டிஸ் வகையைக் காட்டும் ஏ.என்.சி.ஏ. ரத்தப் பரிசோதனை, மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பி இருந்தால் மருந்துத் திட்டமே வேறு. ஸ்டீராய்டு தொடங்கியதும் சர்க்கரை எகிறும், வீட்டிலேயே மீட்டர் வைத்து அடிக்கடி பாருங்கள். எரிச்சல் முதலில் குறையும். பாதம் தூக்குவது மெதுவாகத்தான் வரும், நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். அதுவரை பாதம் விழாமல் பிடிக்கும் பட்டை ஒன்றை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரி 25

கடைசியாக ஒன்று, ஆய்வகக்காரி புத்தி. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டால் தருவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வேறு மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதென்றால் அதிலிருந்தே புதிதாகச் சீவிக்கொள்ளலாம், அப்பா காலை மறுபடி தொட வேண்டாம். ஆனால் வாங்கியதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வெயிலில் ஊர் சுற்றாதீர்கள். உள்ளே இருப்பது மெழுகு. இப்படி ஒருவர் குழைந்துபோன பிளாக்கைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, பத்திரமாகத்தான் வைத்திருந்தேன் மேடம் என்று எங்களிடமே சண்டை போட்டார்.